என் லீவை எடுத்துக்கோ!

*சக ஊழியரின் குழந்தைக்காகச் சேர்ந்த 170 நாட்கள் பிரான்ஸில் ஒரு சட்டமாயின. கேட்பவரை நெகிழவைக்கும் அந்தச் சட்டம், ஆறே ஆண்டுகளில் அரசுக்கு ஒரு சாக்காகவும் மாறப் பார்த்தது. விடுப்பைத் தானம் தருவது எதுவரை நல்லது?*

பிரான்ஸின் லுவார் மாவட்டத்தில் சேன்-கல்மியே என்றொரு சிற்றூர். குமிழிகளோடு வரும் ஊற்றுநீருக்குப் பேர்போன இடம். அந்த நீரைப் புட்டிகளில் அடைத்து ‘பதுவா’ என்ற பெயரில் விற்கும் ஆலை அங்கே இருக்கிறது. 2009-இல் அந்த ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகனுக்குக் கல்லீரல் புற்றுநோய். பையனின் பெயர் மத்தீஸ். பள்ளிக்கூடம் போகும் வயது. மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் அப்பாவின் கணக்கிலிருந்த விடுப்பெல்லாம் தீர்ந்துபோனது. இனி ஒன்று சம்பளத்தை விடவேண்டும், இல்லையென்றால் பையனை விட்டுவிட்டு வேலைக்குப் போகவேண்டும்.

உடன் வேலை செய்தவர்கள் நிர்வாகத்திடம் போய் ஒன்று கேட்டார்கள். எங்கள் கணக்கில் இருக்கும் நாட்களை எடுத்து அவர் கணக்கில் எழுத முடியுமா? முடியும் என்று அன்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனாலும் நிர்வாகம் சம்மதித்தது. ஆளுக்குச் சில நாட்களாகச் சேர்ந்தது மொத்தம் 170 நாள். சம்பளம் நிற்காமல் மகனோடு இருந்தார் தந்தை. அந்த ஆண்டின் கடைசியில் மத்தீஸ் இறந்துபோனான்.

தன் ஆலையில் கிடைத்தது எல்லாப் பெற்றோருக்கும் கிடைக்கவேண்டும் என்று அதன்பிறகு தந்தை கிளம்பினார். அதே மாவட்டத்தின் எம்.பி. போல் சலென் அதை மசோதாவாக்கினார். 2012 ஜனவரியில் கீழவை நிறைவேற்றியது. செனட்டில் இரண்டு ஆண்டுக்கு மேல் கிடந்து, 2014 ஏப்ரலில் அங்கேயும் தேறியது. 2014 மே 9 தேதியிட்ட அந்தச் சட்டத்தின் எண் யாருக்கும் நினைவில்லை. ‘மத்தீஸ் சட்டம்’ என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

விவாதத்தின்போதே இடதுசாரிகள் தரப்பிலிருந்து ஓர் ஆட்சேபம் வந்தது. நோயுற்ற குழந்தையின் பெற்றோரைத் தாங்குவது நாட்டின் கடமையா, பக்கத்தில் நின்று வேலை பார்ப்பவரின் கடமையா என்பது அதன் சாரம். மசோதா தேறிவிட்டது. கேள்வி மட்டும் தேறவில்லை.

தொடக்கூடாத நான்கு வாரம்

நல்ல மனசை விதிமுறையாக எழுதுவது சுலபமில்லை. மத்தீஸ் சட்டத்தை வரைந்தவர்கள் முதலில் தீர்க்கவேண்டியிருந்தது, ஒருவர் தன் விடுப்பில் எவ்வளவைக் கொடுக்கலாம் என்பதை.

எல்லாவற்றையும் கொடுக்க முடியாது என்றது சட்டம். பிரான்ஸில் சம்பளத்தோடு விடுப்பு என்பது நீண்ட போராட்டத்தில் வந்தது. 1936-இல் மக்கள் முன்னணி ஆட்சியில் இரண்டு வாரம். 1956-இல் மூன்றாவது, 1969-இல் நான்காவது, 1982-இல் ஐந்தாவது வாரம். இதில் முதல் நான்கு வாரத்தை யாரும் யாருக்கும் தரமுடியாது. அதற்கு மேல் இருப்பதைத்தான் தரலாம். ஆண்டுக்கு நான்கு வாரமாவது தொழிலாளி ஓய்வெடுக்கவேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விதியும்கூட. காரணம் இருக்கிறது. ஓய்வு என்பது உடம்பைக் காக்கும் ஏற்பாடு. தானும் களைத்து விழும் அளவுக்கு ஒருவர் தாராளமாக இருக்க சட்டம் அனுமதித்தால், அடுத்து விடுப்பு கேட்டு நிற்பவர் அவராகத்தான் இருப்பார்.

அடுத்தது பணக் கணக்கு. நிறையச் சம்பளம் வாங்கும் மேலாளரின் ஒரு நாளும், பொட்டலம் கட்டுபவரின் ஒரு நாளும் சமமா? சமம் என்று வைத்தார்கள். நாளுக்கு நாள். பெறுபவர் அவருடைய வழக்கமான சம்பளத்தையே வாங்குவார். மேலாளர் தொழிலாளிக்கு ஒரு நாள் கொடுத்தால் நிறுவனத்துக்குக் கொஞ்சம் மிச்சம். தொழிலாளி மேலாளருக்குக் கொடுத்தால் கொஞ்சம் கூடுதல் செலவு. இந்த வித்தியாசத்தைச் சட்டம் கண்டுகொள்ளவில்லை. யூரோவில் கணக்குப் போடத் தொடங்கினால் கொடுக்கும் கை யோசிக்கும்.

மூன்றாவதாக, கொடுப்பவர் பெயர் வெளியே தெரியக்கூடாது, பதிலுக்கு எதுவும் எதிர்பார்க்கக்கூடாது. நன்றிக்கடன் பட்டவர் மறுநாள் அதே கூடத்தில் அதே ஆட்களோடு வேலை செய்யவேண்டும் என்பதை யோசித்து வைத்த விதி இது.

> மத்தீஸ் சட்டம்: சுருக்கமாக
>
> • 20 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கடும் நோய், ஊனம் அல்லது விபத்து. பெற்றோர் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்று சிகிச்சை தரும் மருத்துவரின் சான்று தேவை.
>
> • கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே நிறுவனத்தில் இருக்கவேண்டும். நிர்வாகத்தின் சம்மதம் கட்டாயம்.
>
> • விடுப்பில் இருக்கும் காலம் பணிமூப்புக் கணக்கில் சேரும்.
>
> • 2015-இல் அரசு ஊழியர்களுக்கும் வந்தது. அங்கே ஆண்டுக்கு 90 நாள் உச்சவரம்பு.
>
> • 2018-இல் ஊனமுற்ற அல்லது தன் வேலையைத் தானே செய்துகொள்ள இயலாத உறவினரைப் பராமரிப்பவர்களுக்கும் விரிந்தது.
>
> • 2020-இல் 25 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கும் விரிந்தது.

கொடுக்க நாள் எங்கிருந்து வந்தது?

சேன்-கல்மியே ஆலையில் மனசு இருந்தது. கணக்கில் நாளும் இருந்தது. இரண்டாவது இல்லாமல் முதலாவது எதுவும் செய்திருக்க முடியாது. பிரான்ஸில் தொழிலமைச்சராக இருந்த மார்த்தீன் ஓப்ரி 1998-இலும் 2000-த்திலும் கொண்டுவந்த சட்டங்கள் வாரத்துக்கு 35 மணி நேரம்தான் வேலை என்றாக்கின. பல நிறுவனங்கள் வாரத்தில் கூடுதலாக வேலை வாங்கிக்கொண்டு, அந்த நேரத்துக்கு ஈடாகத் தனி ஓய்வு நாட்கள் தந்தன. ஆர்.டி.டி. நாட்கள் என்று அதற்குப் பெயர். வழக்கமான ஐந்து வார விடுப்புக்கு மேல் வரும் உபரி இது. மத்தீஸுக்காகச் சேர்ந்தவற்றிலும் இந்த நாட்கள் இருந்தன.

விடுப்புக் கொடையைப் புகழ்ந்து எழுதும் பலர் தாண்டிப்போகும் இடம் இதுதான். தொழிலாளியிடம் உபரி ஓய்வு இருக்கும் நாட்டில்தான் அதைத் தானம் செய்யமுடியும். அந்த உபரியை உருவாக்கியது சட்டமும் தொழிற்சங்கமும்.

ஜெர்மனியிலும் இதே கதைதான். ஹெஸன் மாநிலத்தில் மார்புர்க் நகருக்குப் பக்கத்தில் ஃப்ரோன்ஹவுஸன் என்ற ஊர். அங்கே சுமார் 650 பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனம். தொழிலாளி ஒருவரின் மூன்று வயது மகனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோதே பையனின் தாயும் இறந்தார். நிர்வாகத்தில் ஒருவர் யோசனை சொல்ல, இரண்டு வாரத்தில் ஊழியர்கள் ஏறத்தாழ 3,300 மணி நேரத்தைத் தந்தார்கள். ஓராண்டுக்கும் மேலான வேலை நேரம் அது. 2018-இல் செய்தி உலகமெங்கும் பரவியது. அங்கே தரப்பட்டது கூடுதல் நேரம் வேலை செய்து சேர்த்த மணிகள். சட்டம் உறுதிசெய்யும் குறைந்தபட்ச ஆண்டு விடுப்பை அங்கேயும் விட்டுக்கொடுக்க முடியாது.

அமெரிக்காவின் வேறு கணக்கு

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் விடுப்புக் கொடை இன்னும் பழையது. ஆனால் அது முளைத்தது உபரியிலிருந்து அல்ல, பற்றாக்குறையிலிருந்து.

தனியார் துறையில் நோய்க்குச் சம்பளத்தோடு விடுப்பு தரவேண்டும் என்று அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான சட்டம் கிடையாது. 1993-இல் வந்த குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் 12 வாரம் விடுப்பு தருகிறது. சம்பளம் கிடையாது, வேலை போகாது என்ற உத்தரவாதம் மட்டும் உண்டு. அதுவும் 50 பேருக்குக் குறையாத நிறுவனங்களில்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு நோய் விடுப்பு உண்டு. ஆண்டுக்கு 13 நாள். புற்றுநோய் சிகிச்சைக்கு அது எந்த மூலைக்கு? 1988-இல் விடுப்புப் பகிர்வுச் சட்டம் வந்தது, 1993-இல் நிரந்தரமானது. தன்னுடைய விடுப்பெல்லாம் தீர்ந்தவர் விண்ணப்பிக்கலாம். மற்றவர்கள் தங்கள் ஆண்டு விடுப்பிலிருந்து தரலாம். ஓராண்டில் ஒருவருக்குச் சேரும் விடுப்பில் பாதிக்கு மேல் தருவதானால் தனி அனுமதி வேண்டும். நேரடி மேலதிகாரிக்குத் தரக்கூடாது என்றும் ஒரு விதி. ‘சார் நன்றாக இருந்தால்தான் நமக்குப் பதவி உயர்வு’ என்ற கணக்குக்கு அங்கே இடமில்லை. மிஞ்சிய நேரம் கொடுத்தவர்களுக்கே திரும்பும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அங்கே பெரும்பாலான ஊழியர்கள் 240 மணி நேர விடுப்பைத்தான் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியும். மீதி காலாவதியாகிவிடும். ஆண்டுக் கடைசியில் எப்படியும் வீணாகப்போகும் நேரத்தைக் கொடுப்பவருக்கு இழப்பே இல்லை. புண்ணியம் மட்டும் மிச்சம். விதியை இப்படி வளைத்து வைத்தால் தாராளம் தானாக வரும் என்று யாரோ சரியாகவே கணித்திருக்கிறார்கள்.

2018-இல் ஃப்ளோரிடாவின் பாம் பீச் வட்டாரத்தில் ஒரு பள்ளி ஆசிரியர் பெருங்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். நோய் விடுப்பு தீரும் நிலை. மருத்துவமனையிலிருந்தே தன்னைப் படமெடுத்து, இன்னும் 20 நாள் தேவை என்று சமூக ஊடகத்தில் போட்டார். நான்கே நாளில் 75 நாள் வந்து குவிந்தது. ஆசிரியர்கள் மட்டுமல்ல, பள்ளி உணவகத்தில் வேலை செய்பவர்களும் தந்தார்கள். ‘மனிதம் சாகவில்லை’ என்று செய்தி பரவியது. உண்மைதான். ஆனால் புற்றுநோயாளி ஒருவர் தன் நோயைப் படம்பிடித்து ஊருக்குக் காட்டினால்தான் ஓய்வு கிடைக்கும் என்ற நிலை எப்படி வந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

கொடை சாக்கானபோது

2014-இல் செனட்டில் தொக்கி நின்ற கேள்வி, 2020 ஜனவரி 30 அன்று பாரிஸில் மறுபடி எழுந்தது. இந்த முறை சத்தமாக.

பிள்ளையை இழந்த பெற்றோருக்குப் பிரான்ஸில் அப்போது ஐந்து நாள் துக்க விடுப்பு. அதைப் பன்னிரண்டாக்கவேண்டும் என்று எதிர்க்கட்சி எம்.பி. கி ப்ரிகூ மசோதா கொண்டுவந்தார். நிறுவனங்களின் மேல் சுமை ஏறும் என்று அரசும் ஆளுங்கட்சியும் மறுத்தன. பதிலுக்கு அவர்கள் முன்வைத்தது என்ன தெரியுமா? விடுப்புக் கொடை. பிள்ளையை இழந்தவருக்குச் சக ஊழியர்கள் தங்கள் நாட்களைத் தரட்டும். அதற்கு மத்தீஸ் சட்டத்தை விரித்துத் தருகிறோம் என்றார்கள்.

நாடே கொதித்தது. ஏழு நாள் கூடுதல் விடுப்பின் செலவை அரசும் ஏற்காது, முதலாளியும் ஏற்கவேண்டாம். கூட வேலை செய்பவர் தன் ஓய்விலிருந்து கிள்ளித் தரட்டும் என்பதைச் சாதாரண ஜனங்கள் சட்டென்று புரிந்துகொண்டார்கள். மனிதாபிமானத்தோடு நடந்துகொள்ளுங்கள் என்று அதிபர் மக்ரோன் தன் அரசுக்கே சொல்லவேண்டி வந்தது. முதலாளிகள் சங்கமான மெதெஃபின் தலைவர்கூட மறுவாக்கெடுப்பு வேண்டும் என்றார். எந்த முதலாளிகளைக் காப்பாற்றுவதாகச் சொல்லி மசோதா மறுக்கப்பட்டதோ, அவர்களே எங்களுக்கு இந்தக் காப்பு வேண்டாம் என்ற விசித்திரம் அது.

ஜூன் 8-இல் புதிய சட்டம் வந்தது. 25 வயதுக்குட்பட்ட பிள்ளையை இழந்தவருக்கு விடுப்பு மொத்தம் பதினைந்து நாளானது. செலவில் ஒரு பங்கைச் சமூகப் பாதுகாப்பு நிதி ஏற்றது. விடுப்புக் கொடையும் அதே சட்டத்தில் இடம்பெற்றது. ஆனால் இப்போது அது இருந்த இடம் வேறு. அடிப்படை உரிமைக்குப் பதிலாக அல்ல. உரிமை தீர்ந்தபிறகு, அதற்கு மேல்.

இந்த வரிசை மாறக்கூடாது என்பதுதான் பிரான்ஸ் நமக்குத் தரும் பாடம். முதலில் உரிமை, அப்புறம் கொடை. மத்தீஸ் சட்டத்துக்கு முன்பே, கடும் நோயுள்ள பிள்ளையின் பெற்றோர் மூன்று ஆண்டுக்குள் 310 நாள் வரை வேலையிலிருந்து விலகி இருக்கலாம் என்ற ஏற்பாடு அங்கே இருந்தது. அரசு தரும் நாள்படி பலருக்குச் சம்பளத்துக்கு ஈடாகவில்லை. அந்தப் பள்ளத்தைத்தான் சேன்-கல்மியே தொழிலாளர்கள் தங்கள் நாட்களைக் கொட்டி நிரப்பினார்கள். 2021-இல் அரசு அந்த 310 நாளை இன்னொரு முறையும் பெறலாம் என்று நீட்டியது. கொடை சுட்டிக்காட்டிய இடத்தில் உரிமை வளர்ந்தது.

யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது?

கொடையின் பலவீனம் அதன் இயல்பிலேயே இருக்கிறது. எல்லோரிடமும் சிரித்துப் பேசுபவருக்கு நூறு நாள் சேரும். முகம் கொடுத்துப் பேசாதவருக்கு? நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கு? குழந்தைக்குப் புற்றுநோய் என்றால் கண் கலங்கும் அலுவலகம், ஒருவரின் மனநோய்க்கோ குடிநோய் சிகிச்சைக்கோ அதே வேகத்தில் கொடுக்குமா? நோயின் கடுமை ஒரே அளவாக இருந்தாலும் இரக்கம் ஒரே அளவாக வராது.

நிறுவனத்தின் அளவும் விதியை நிர்ணயிக்கிறது. 650 பேர் இருந்தால் ஆளுக்கு ஐந்து மணி நேரம் போதும். பாரிஸில் லா ஷப்பேல் பக்கம் தமிழர் கடைகளும் உணவகங்களும் வரிசையாக இருக்கின்றன. நாலைந்து பேர் மட்டும் வேலை செய்யும் சமையல்கூடத்தில் ஒருவரின் பிள்ளைக்கு நோய் வந்தால் மத்தீஸ் சட்டம் ஏட்டில் அவருக்கும் உண்டு. ஆனால் மற்ற நான்கு பேர் எத்தனை நாளைத்தான் தருவார்கள்? அவர்களில் ஒருவர் இல்லாமலே அடுப்படி திணறும்போது, முதலாளியின் சம்மதமும் சந்தேகம்தான்.

கேட்பதிலும் ஒரு வலி இருக்கிறது. நாட்கள் வேண்டுமென்றால் நோயின் கதையைச் சொல்லவேண்டும். சொன்னபிறகு அது அலுவலகத்தின் கதை. பெயர் தெரியாமல் கொடுக்கலாம். பெயர் தெரியாமல் வாங்குவது ரொம்பக் கடினம். கொடுக்காதவர் மேலும் ஒரு கண் விழும். ஒற்றைப் பெற்றோராகத் தன் பிள்ளைக்கென்று நாட்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒருத்தி, பட்டியலில் பெயர் எழுதாவிட்டால் கல்நெஞ்சக்காரி ஆகிவிடுகிறாள். கொடுப்பவர் பெயரை மறைக்கும் விதி, கொடுக்காதவரையும் காக்கிறது என்பது இங்கேதான் புரியும்.

நம்மூரில்?

இந்தியாவில் மத்திய அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு. 300 நாள் வரை சேர்த்து வைத்து ஓய்வுபெறும்போது காசாக்கலாம். தமிழ்நாடு அரசில் அந்த வரம்பு 240 நாள். இதை இன்னொருவர் கணக்குக்கு மாற்ற விதிகளில் வழியில்லை. சில தனியார் நிறுவனங்கள் மட்டும் உள்விதியாக விடுப்புக் கொடையை அனுமதிக்கின்றன. நம் அரசு ஊழியருக்கு ஈ.எல். எனப்படும் இந்த ஈட்டிய விடுப்பு ஓய்வு மட்டுமல்ல, மகள் கல்யாணத்துக்கும் வீட்டுக் கடனுக்குமான சேமிப்பு. அதிலிருந்து ஒரு நாளைத் தருவது ஒரு நாள் சம்பளத்தைத் தருவதற்குச் சமம்.

ஒரு நாள் சம்பளம் தருவது நமக்குப் புதிதும் அல்ல. வெள்ளம், புயல் என்றால் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் நிவாரண நிதிக்கு அதைத் தந்து பழகியவர்கள். அலுவலகத்தில் ஒருவர் விபத்தில் அடிபட்டால் உறையில் பணம் போட்டுச் சுற்றுக்கு விடுவது எங்கும் உண்டு. மனசுக்குக் குறைவில்லை. ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது.

தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. திட்டத்தில் இருக்கும் தொழிலாளிக்குத் தனக்கு நோய் வந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். பட்டியலிலுள்ள 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதச் சம்பளம், இரண்டு ஆண்டு வரை நீளும். நல்ல திட்டம். ஆனால் நோய் அவருடைய பிள்ளைக்கு என்றால்? மருத்துவம் கிடைக்கும், பக்கத்தில் இருப்பதற்கான சம்பளம் கிடைக்காது. மத்திய அரசில் பெண் ஊழியர்களுக்குப் பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. ஆண்களில், தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்கு மட்டும். மனைவியோடு வாழும் தகப்பன் மருத்துவமனையில் உட்காரவேண்டும் என்று நம் விதிகள் நினைத்தே பார்க்கவில்லை. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு 20 நாள் உழைப்புக்கு ஒரு நாள் என்றுதான் சம்பளத்தோடு விடுப்பு சேர்கிறது. கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்களுக்கு அந்த ஒரு நாளும் இல்லை. இல்லாத விடுப்பை யார் யாருக்குத் தானம் செய்வது?

நம்மிடம் வேறொரு முன்மாதிரி இருக்கிறது. தமிழ்நாடு அரசு ஊழியர்களின் குடும்பப் பாதுகாப்பு நிதி. ஒவ்வொருவர் சம்பளத்திலிருந்தும் மாதம் ஒரு சிறு சந்தா பிடிப்பார்கள். பணியில் இருக்கும்போது ஒருவர் இறந்தால் அவர் குடும்பத்துக்கு மொத்தத் தொகை போகும். அங்கே யாரும் யாரிடமும் போய் நிற்கவேண்டியதில்லை. இறந்தவர் நல்லவரா, கலகலப்பானவரா என்று யாரும் கேட்பதில்லை. துன்பம் வருவதற்கு முன்பே எல்லோரும் கொடுத்து வைத்துவிடுகிறார்கள். அமெரிக்க மத்திய அரசு அலுவலகங்கள் சிலவற்றில் இருக்கும் ‘விடுப்பு வங்கி’யும் ஏறக்குறைய இதே முறைதான். உறுப்பினர்கள் ஆண்டுக்குச் சில மணி நேரத்தைப் பொதுவில் போடுகிறார்கள்; தேவைப்படும் உறுப்பினர் விண்ணப்பித்து எடுத்துக்கொள்கிறார்.

ஆகவே, விடுப்பு மாற்றத்தை இங்கேயும் அனுமதிக்கவேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்பதானால் கேட்கட்டும். அத்தோடு மூன்றையும் சேர்த்துக் கேட்கட்டும். ஆளுக்கு ஆள் தரும் தானமாக இல்லாமல் பொது வங்கியாக இருக்கவேண்டும். ஒவ்வொருவருக்கும் குறைந்தபட்ச ஓய்வைத் தொடக்கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னதாக, கடும் நோயுள்ள பிள்ளையின் பெற்றோருக்கு, தகப்பனுக்கும் சேர்த்தே, சம்பளத்தோடு விடுப்பு சட்டப்படி வரவேண்டும். இந்த மூன்றாவது வராமல் முதல் இரண்டும் வந்தால், நிர்வாகங்கள் கைதட்டி வரவேற்கும். அந்தக் கைதட்டலில் மயங்கிவிடாமல் இருக்கவேண்டியது நாம்தான்.